முந்தைய நிலைக்கான காட்சி

படங்காட்டும் கருவியிலிருந்து சுவரில் விழுந்திருந்த வெளிச்சச் சதுரத்தின் நடுவே ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. திரைக்கு இடம் வேண்டும் என்று காலையில் நாட்காட்டியைக் கழற்றியவர்கள் ஆணியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே அச்சுவரில் மாறிமாறி வந்துபோன முகங்கள் எல்லாவற்றிலும், ஒரு மீனவரின் கன்னத்தில், பள்ளிச் சிறுமி ஒருத்தியின் நெற்றியில், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு சிரித்த ஒரு கொத்தனாரின் தாடையில், அந்த ஆணியும் அதன் மெல்லிய நிழலும் தவறாமல் இருந்தன. எழுந்துபோய் அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஞானாம்பிகைக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எழவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எழுவது என்பது இப்போதெல்லாம் முழங்காலிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செய்கிற காரியம். தாம் எடுத்த படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் இமானுவேல், மதுரைக்கார இளைஞர், தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப்படம் எடுப்பவர். அவருக்குப் பக்கத்தில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் அதன் மேல் விரல்களால் தட்டிக்கொண்டிருந்த பெண் நிலோஃபர், ஒளிப்பதிவாளர். மேசைக்கு இந்தப் பக்கம், படம் எடுக்க ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழு. அறக்கட்டளையின் செயலாளர் என்ற முறையில் ஞானாம்பிகை. பொருளாளர் என்ற முறையில், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம். அறக்கட்டளையின் ஊருணியால் பயன்பெற்ற ஊரின் சார்பில் ஒருவர் குழுவில் இருந்தே ஆகவேண்டும் என்று நிதி தரும் வெளிநாட்டு அமைப்பு விதித்திருந்தபடியால், உப்பனேந்தல் ஊருணிக் குழுத் தலைவி பூமயில். ஊதா நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கல்யாண வீடு என்று நினைத்துவிட்டாளோ என்று காலையில் சங்கரலிங்கம் மெதுவாகச் சொன்னார். அது பூமயிலின் காதில் விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன்பின் அவள் அவரை ‘மாப்ள வீட்டுக்காரரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. காற்று எங்கோ வேறு அறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

‘எல்லாம் சரி, மேடம்,’ என்றார் இமானுவேல். ‘இப்போது ஊருணி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. அழகாக எடுத்துவிடலாம். ஆனால் முன்னால் எப்படி இருந்தது? அந்தப் படங்கள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?’ இதைத்தான் காலையில் வந்த சென்னை நிறுவனமும் கேட்டது. இதைத்தான் நிதி தருகிறவர்களும் கேட்டிருந்தார்கள். முந்தைய நிலைக்கான காட்சிச் சான்று என்று. படம் கோடை முடிவதற்குள் வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் கட்டத்தைப் பற்றி முடிவு செய்வார்கள். இரண்டாம் கட்டம் என்றால் கோரையேந்தலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். அங்கே பெண்கள் இன்றைக்கும் விடியுமுன் போய், வறண்ட கண்மாய் மணலில் இடுப்பளவு குழி தோண்டி, அடியில் கசிகிற நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி, துணியில் வடிகட்டி, உச்சிப்பொழுதுவரை குடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் என்றால், இந்த மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிற இதே நாளில். இல்லை, என்றாள் ஞானாம்பிகை. படம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று அந்த இளைஞர் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர். ஆனால் கேள்வி எங்கும் போய்விடவில்லை, மேசையின் மேல் ஆறிப்போன தேநீரின் ஆடையைப் போல மெல்ல மூடிக்கொண்டு நின்றது. ஏன் இல்லையென்றால் அவள் எடுக்க விடவில்லை. வேலை தொடங்கிய முதல் மாதம், களப்பணியாளர் ஒருவர் தம் கைபேசியில் எடுத்து வந்து காட்டினார். குழிக்குள் குனிந்திருக்கும் முதுகுகள். விலகிய மாராப்பு. ஈரமணல் அப்பிய முழங்கால். ஒருத்தி நிமிர்ந்து பார்த்திருந்தாள். யார் நீ என்று கேட்கிற பார்வைகூட அல்ல, முடித்துவிட்டாயா என்று கேட்கிற பார்வை. ‘அழித்துவிடுங்கள்’ என்றாள் அவள். ‘இனி ஒருவரும் குழியருகில் படம் எடுக்கக் கூடாது. நாம் தண்ணீர் கொடுக்கப் போகிறோமே தவிர, தாகத்தை விற்கப் போகவில்லை.’ நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். அந்த வாக்கியத்தைப் பின்னர் இரண்டு கூட்டங்களில் யாரோ எடுத்துச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினார்கள். கைதட்டல் வாங்குகிற வாக்கியங்கள் எல்லாமே சற்றுச் சந்தேகத்துக்கு உரியவை என்பது அவளுக்கு அப்போது தெரியாமலில்லை.

காலையில் வந்த நிறுவனத்தார் அதற்கு எளிதான வழி சொல்லியிருந்தார்கள். கோரையேந்தலில்தான் இன்னும் அள்ளுகிறார்களே, அங்கே போய் எடுத்து, உப்பனேந்தலின் முந்தைய நிலை என்று போட்டுவிடலாம். குழி எல்லாம் ஒரே மாதிரிதானே, மேடம், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப் போகிறது. இமானுவேல் வேறு வழி சொன்னார். உப்பனேந்தல் பெண்களே ஒருநாள் பழையபடி குழி தோண்டி, பழைய குடங்களோடு நடந்து காட்டட்டும், அதை எடுக்கலாம். ஆக, ஒருவர் கையில் இருந்தது உண்மையான குழியும் பொய்யான ஊர்ப்பெயரும். மற்றவர் கையில் உண்மையான ஊரும் பொய்யான குழியும். இயற்பியல் கற்பித்த முப்பது வருடத்தில் இதைப் போன்ற ஒன்றை அவள் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் பார்த்திருக்கிறாள். மாணவிகள் விடையை முதலில் எழுதிவிடுவார்கள். ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவு. பிறகு ஊசலின் அலைவு நேரங்களைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு போவார்கள், இடையிடையே ஒரு சிறு பிழையையும் வைத்து, நம்பும்படியாக. அவள் கண்டுபிடித்துவிடுவாள். ‘ஊசல் ஆடவே இல்லையே, பெண்ணே’ என்பாள். ஆடாத ஊசல். அது என்னமோ இந்நேரத்தில் ஆடுகிறது, நெற்றிப்பொட்டில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இடக்கண்ணில் புரை, மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார், அவள் குறிக்கவில்லை. வலக்கண்ணை மூடினால் சுவரிலிருந்த மீனவர் பால் கலந்த நீருக்குள் இருப்பவர்போல் மங்கிப் போனார், இடக்கண்ணை மூடினால் மீண்டு வந்தார். இப்படித்தான் முன், இப்படித்தான் பின். கண்ணை மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கம் அவளுக்கு ஏதோ தூசி விழுந்துவிட்டது என்று எண்ணி மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

கண்கள். வேண்டாம் என்றாலும் அதுதான் வரும், இந்த நினைவுச் சுற்றில் எப்போதும் வந்து நிற்கிற இடம் அது. சாத்தூர் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படம். அம்மா உயிரோடிருந்த காலத்தில் யாரும் அவளைப் படம் எடுத்ததில்லை. எடுக்கவேண்டும் என்று தோன்றும் வயதுக்கு முன்பே போய்விட்டாள். போனபிறகுதான் தோன்றியது. ஸ்டுடியோக்காரர் முக்காலியோடு வந்தார். அம்மாவைக் குளிப்பாட்டி, மாம்பழ நிறப் பட்டு உடுத்தி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். பின்னாலிருந்து சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை தெரியாதபடி மாலையைத் தள்ளிப் போட்டார்கள். ஒன்பது வயது ஞானாம்பிகை தூணோரம் நின்று, அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினாள். பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அதில் அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. மூடிய இமைகளின் மேல் அந்த ஸ்டுடியோவின் ஓவியர் தூரிகையால் கண் எழுதியிருந்தார். நல்ல கண்கள், பெரிய கண்கள், யாருக்கும் உரியவை அல்லாத கண்கள். ஊரே மெச்சியது, அச்சு அசல் என்று. அன்றிலிருந்து அம்மாவை நினைக்கும்போதெல்லாம் அந்த எழுதிய கண்கள்தாம் வருகின்றன. அவற்றுக்குக் கீழே இருந்த கண்களை அறுபது வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டாள், கிடைக்கவில்லை. அப்படியானால் தன் ஆணை, அந்தக் கைதட்டல் வாக்கியம், அந்தப் பெண்களின் மானத்துக்காகச் சொன்னதா, அல்லது கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்ததற்காகச் சொன்னதா? இரண்டுக்காகவும் இருக்கலாம். ஒரு செயலுக்கு ஒரு காரணம்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் விலையைக் கொடுக்கப் போவது கோரையேந்தல். அங்கே ஒருத்திக்கும் சாத்தூர்ப் படத்தைப் பற்றித் தெரியாது.

‘குழிதான வேணும், தோண்டிருவோம்,’ என்று பூமயில் சொன்னது அவளை அறைக்குள் இழுத்தது. ‘அதுல என்ன இருக்கு? ஒரு காலைப்பொழுது வேலை. எங்க ஊருல சிரட்டை புடிக்கத் தெரியாத பொம்பளை இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வந்துருக்கு, அதுகளுக்கும் சொல்லிக் குடுத்துருவோம்.’ ‘பழைய குழி இருந்த இடத்திலேயே தோண்டலாமா, அம்மா?’ என்று இமானுவேல் கேட்டார். பூமயில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘ஆத்தே! அது ஆகாது. அது பால் தெளிச்சு மூடுனது.’ அந்த இளைஞருக்கு விளங்கவில்லை. ஞானாம்பிகைக்கு விளங்கியது, அவள் அன்று அங்கே இருந்தாள். ஊருணி முதல் முறை நிரம்பியதற்கு மறுநாள், ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணும் தன் குழிக்குப் போய் மணலைத் தள்ளி மூடினாள். மூடிவிட்டு, அடக்கம் செய்த மறுநாள் செய்வதுபோல், மேலே பால் தெளித்தாள். யாரும் அழவில்லை. ஒரு கிழவி மட்டும், ‘போயிரு, திரும்பி வந்துராத’ என்று குழியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அதையும் யாரும் படம் எடுக்கவில்லை. ‘அப்படியானால் தோண்டவே கூடாதல்லவா, பூமயில்?’ என்று அவள் கேட்டாள். கேட்ட குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது, மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிட்ட நம்பிக்கை. ‘அந்த எடத்தைத் தோண்டக் கூடாது, டீச்சரம்மா. நாலு எட்டுத் தள்ளித் தோண்டுனா அது வேற குழி. பொய்க்குத் தோண்டுறதுக்குச் சாமி கோவிச்சுக்குமா? அப்பிடிப் பார்த்தா கூத்துல ராசா சாகுறப்பல்லாம் தீட்டு காக்கணும்.’ நிலோஃபர் வாய்விட்டுச் சிரித்தாள். பூமயில் அவள் பக்கம் திரும்பி, ‘என்னைய எந்தப் பக்கம் நின்னு எடுப்ப, தாயீ? இந்தப் பக்கம் பல்லு ஒண்ணு இல்ல, பார்த்துக்க’ என்றாள். ‘பல் இல்லாத பக்கம்தான், அக்கா, படத்துக்கு நல்லது’ என்றாள் நிலோஃபர். ‘போடி கழுத!’

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். அவருக்குக் காலையில் வந்தவர்களைத்தான் பிடித்திருந்தது. பெரிய நிறுவனம், ஆகாயத்திலிருந்து எடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டாருக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்று தெரிந்தவர்கள். ‘எதற்கு, மேடம், இந்த நாடகம் எல்லாம்? கோரையேந்தலில் நிஜமாகவே அள்ளுகிறார்கள். உங்கள் தடையை மட்டும் எடுத்துவிடுங்கள். கோரையேந்தல் என்றே பெயரும் போடச் சொல்லுவோம், பொய்யும் இல்லை. பக்கத்து ஊர் இன்னும் இப்படி இருக்கிறது, இந்த ஊரும் முன்பு இப்படித்தான் இருந்தது என்று. நிஜம் நிஜம்தானே?’ ஞானாம்பிகை தலையசைத்தாள். நேர்மையான யோசனை, இது தனக்கே தோன்றியிருக்க வேண்டும். தன் தடையை எடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஆடாத ஊசலை ஆட்டிக் காட்டுவதைவிட ஆடிக்கொண்டிருக்கும் ஊசலைக் காட்டுவது மேல். வயதாகிவிட்டது, வயதான பின் ஒரு கொள்கையைக் கைவிடுவது பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றுவது போலத்தான், சிறிது நாள் அந்த இடம் வெளுத்துத் தெரியும், பிறகு வெயில் பட்டுச் சரியாகிவிடும். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். ‘அங்க எடுக்கக் கூடாது’ என்றாள் பூமயில்.

சிரிப்பு போயிருந்தது. பட்டுப்புடவையின் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். ‘ஏன்?’ என்றார் சங்கரலிங்கம். ‘எடுக்கக் கூடாது, மாப்ள வீட்டுக்காரரே. சொன்னாக் கேளுங்க.’ பட்டப்பெயர் வந்தது, விளையாட்டு வரவில்லை. ஞானாம்பிகைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பூமயிலின் மகள் சிட்டம்மாளைக் கட்டிக்கொடுத்திருப்பது கோரையேந்தலில். ஊருணி வருவதற்கு முந்தின வருடம் நடந்த கல்யாணம். இரண்டாம் கட்டம் எப்போது வரும் என்று பூமயில் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது அதனால்தான், இன்று பட்டுடுத்தி வந்திருப்பதும் அதனால்தான். அதெல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்ததை நேரத்துக்கு நினைவுக்குக் கொண்டுவரத்தான் இப்போது இந்தத் தலையால் முடிவதில்லை. ‘என் மக அங்க தெனமும் அள்ளுறா,’ என்றாள் பூமயில். ‘வயித்துல ரெண்டாவது புள்ளையோட அள்ளுறா. தண்ணியில்லாத ஊருக்குப் பொண்ணைக் குடுத்தவன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு, அது போதும். அவ குழிக்குள்ள நிக்கிறதை நாலு பேரு உக்காந்து பார்க்க வேணாம்.’ ‘நீங்கள் மட்டும் நிற்கலாமா, அம்மா?’ என்று இமானுவேல் மெதுவாகக் கேட்டார். குற்றம் சொல்ல அல்ல, தெரிந்துகொள்ளத்தான். பூமயில் தலைப்பை மடிப்பதை நிறுத்தினாள். ‘நான் நடிக்கப் போறேன்யா. எடுத்து முடிச்சதும் ஏறி வந்து டீ குடிப்பேன். அவ எங்க ஏறி வருவா?’

மின்விசிறி தன் குறைந்த வேகத்தில் ஏதோ ஒன்றை எண்ணிக்கொண்டே போயிற்று. ஏறி வந்து டீ குடிப்பது. ஞானாம்பிகை இத்தனை வருடமாகப் பொய் என்று வகுத்து வைத்திருந்த பக்கத்தில் டீ இருந்தது, உண்மை என்று வகுத்து வைத்திருந்த பக்கத்தில் ஏறுவதற்குப் படி இல்லை. இதில் தவறு கண்டுபிடிக்க முடியும். பூமயிலுக்கு மகளைப் பற்றிய வெட்கம், ஊர்ப் பேச்சைப் பற்றிய அச்சம். வெட்கத்தை எல்லாம் விதியாக்க முடியுமா? சிட்டம்மாளையே கேட்டால் அவள் வேறு மாதிரி சொல்லக்கூடும். எடுங்கள், பார்க்கட்டும், தண்ணீர் வந்தால் சரி என்று சொல்லக்கூடும். கேட்கலாம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு குழிக்குள் நிற்பவளிடம் மேலே நின்றுகொண்டு கேட்கிற கேள்விக்கு அவள் சொல்கிற சரி, என்ன வகைச் சரி? எதை எடுத்தாலும் ஓர் ஓரம் சிதைந்துதான் வருகிறது. அயர்வாக இருந்தது. உடம்பின் அயர்வு அல்ல, அது பழகிப்போனது. சரியானதைச் செய்துவிட்டோம் என்ற இடத்தில் கொஞ்சம் உட்காரலாம் என்று போனால், அங்கே நாற்காலி இல்லை என்கிற அயர்வு. ‘நடித்துக் காட்டுவதையே எடுக்கலாம்,’ என்றாள். ‘ஆனால் திரையில் எழுதவேண்டும், முன்பு நடந்ததை அந்த ஊர்ப் பெண்களே மீண்டும் நடித்துக் காட்டுகிறார்கள் என்று. எழுத்து பெரிதாக இருக்கவேண்டும்.’ சங்கரலிங்கம் நிமிர்ந்தார். ‘மேடம், அவர்கள் கேட்டிருப்பது சான்று. நடிப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் இரண்டாம் கட்டத்தையே நிறுத்திவிட்டால்?’ ‘நிறுத்திவிடக்கூடும்’ என்றாள் அவள். ‘எதுக்கு எழுதணும்?’ என்றாள் பூமயிலும். ‘நாங்க அள்ளுனது நிசம்தான? எழுதிப் போட்டா நாங்க என்னமோ பொய் சொன்ன மாதிரி ஆயிராது?’ ‘எழுதாவிட்டால்தான் பொய் சொன்ன மாதிரி ஆகும், பூமயில்.’ ‘உங்க படிப்பு உங்களுக்கு, டீச்சரம்மா. என் மகளுக்குத் தண்ணி வராமப் போச்சுன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன், ஆமா.’ ‘வந்து உட்காருங்கள்’ என்றாள் ஞானாம்பிகை. அது சமாதானம் அல்ல. இருவருக்கும் தெரிந்தது. பூமயில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

இமானுவேல் எதையோ குறித்துக்கொண்டார். எழுத்து இருந்தால் எடுப்பதும் அதற்குத் தக்கபடி இருக்கவேண்டும், என்றார். ஒளித்து எடுப்பதைப்போல எடுக்க முடியாது, நடிக்கிறோம் என்று தெரிந்தே நடிக்கவேண்டும். ஒருவேளை அது நன்றாகவும் வரலாம். பிறகு சற்றுத் தயங்கினார். ‘அப்படியென்றால், மேடம், நீங்களும் வேண்டும்.’ ‘நானா?’ ‘முதல் நாள் நீங்கள் அங்கே வந்து பார்த்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பெண்கள் அள்ளுகிறார்கள், நீங்கள் வருகிறீர்கள். அந்தக் காட்சி இல்லாமல் கதை நிற்காது.’ முடியாது என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, வழுவழுப்பாக, பழக்கப்பட்டதாக. எழுபதை நெருங்கும் ஒருத்தி, கேமராவின் முன்னால், தன் இரக்கத்தைத் திரும்ப ஒருமுறை நடித்துக் காட்டுவது. ஊரார் முதுகை எடுக்கக் கூடாது என்று காத்தவளுக்குத் தன் முகத்தை எடுப்பார்கள் என்று தோன்றியதே இல்லை. மறுக்க நல்ல காரணங்கள் இருந்தன. கண், முழங்கால், வயது. ‘நானே குழிக்குள்ள இறங்குறேன், உங்களுக்கு மேட்டுல நிக்கிறதுக்கு என்ன வந்துச்சு?’ என்றாள் பூமயில், இன்னும் முகத்தைத் திருப்பாமலே. ஞானாம்பிகை சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தாள். பின்பு, ‘வருகிறேன்’ என்றாள்.

‘நல்லது, மேடம். அன்று வந்ததும் என்ன செய்தீர்கள்?’ அவள் யோசித்தாள். அறிக்கையில் ‘உடனடியாக நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று இருக்கும், அவளே எழுதியதுதான். ‘நின்றேன்’ என்றாள். ‘பிறகு?’ ‘நின்றுகொண்டிருந்தேன்.’ ‘யாரிடமாவது பேசினீர்களா, ஏதாவது கேட்டீர்களா?’ ‘இல்லை.’ இமானுவேல் உதவிக்குப் பூமயிலைப் பார்த்தார். அவள் இப்போது திரும்பியிருந்தாள். கோபம் முழுவதும் போகாத முகத்தில் ஒரு சிரிப்பு நுழையப் பார்த்தது. ‘அவுக சொல்றது சரிதான்யா. ரெம்ப நேரம் நின்னாக, உச்சி வெயில்ல. நாங்களும் அள்ளிக்கிட்டே பாக்குறோம், பாவம், வழி தவறி வந்துட்டாக போல, யாரையாச்சும் பஸ்ஸுக்குக் கூட அனுப்புவமான்னு பேசிக்கிட்டோம்.’ நிலோஃபர் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பையைத் திறந்தாள். ‘எப்படி நின்றீர்கள், மேடம்? உயரம் பார்த்துக்கொள்ளத்தான். சும்மா ஒருமுறை.’ ஞானாம்பிகை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முழங்கால், பிறகு மற்றொன்று. சுவரோரமாகப் போய் நின்றாள். படங்காட்டும் கருவியின் வெளிச்சம் அவள் மேல் விழுந்து கண் கூசியது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை; பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

‘கை அப்பிடி இல்ல, டீச்சரம்மா,’ என்றாள் பூமயில். ‘முன்னால கட்டியிருந்தீக. பள்ளிக்கொடத்துல கணக்குத் தெரியாத புள்ளையை நிறுத்தி வச்சிருப்பாங்கள்ல, அந்த மாதிரி.’

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.